வங்கி கூடுதலாகப் பிடித்த வட்டி: கணக்குப் பார்த்த செலவையும் கேட்டுப் பெறலாம்

நிலப் பத்திரத்தை அடமானம் வைத்து, கிணறு வெட்டவும் மோட்டார் பொருத்தவும் வங்கியில் கடன் வாங்கிய விவசாயிகள் பலர், பாக்கி என்று வங்கி சொல்லும் தொகையை அப்படியே கட்டி வருகிறார்கள். சிலர் ஆடிட்டரிடம் கணக்கைக் காட்டித் தவறு கண்டுபிடிக்கிறார்கள். வங்கியும் ஒரு தொகையைத் திருப்பித் தர ஒப்புக்கொள்கிறது. ஆனால் அதில் பாதி ஆடிட்டருக்கும் வக்கீலுக்கும் பஸ்ஸுக்கும் போய்விடுகிறது. இந்தச் செலவைத் திரும்பப் பெற முடியுமா என்று எங்கள் பயிற்சிக்கு வரும் விவசாயிகள் கேட்பதுண்டு. ஓரளவு முடியும். ஆனால் முதல் நாளிலிருந்தே அதற்கு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

முதலில் தவறு எப்படி நேருகிறது என்று பார்ப்போம். 2002 ஏப்ரல் முதல் வங்கிகள் பொதுவான கடன்களுக்கு மாதம் ஒரு முறை வட்டியை அசலில் சேர்க்கும் முறைக்கு மாறின. விவசாயக் கடனுக்கு இம்முறை கூடாது. ஆண்டுக்கு ஒரு முறையோ, பயிர்ச் சுற்றை ஒட்டி ஆறு மாதத்துக்கு ஒரு முறையோதான் வட்டியைச் சேர்க்கலாம் என்று சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் 2001ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துள்ளனர். அபராத வட்டியை அசலோடு சேர்க்கக் கூடாது என்பதும் அதே தீர்ப்புதான்.

இரண்டு லட்சம் ரூபாய் கடன், 12 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாண்டு ஒன்றும் கட்ட முடியவில்லை. ஆண்டுக்கு ஒரு முறை வட்டி சேர்த்தால் பாக்கி ரூ. 3,52,468 ஆகும். மாதந்தோறும் சேர்த்தால் ரூ. 3,63,339. வித்தியாசம் ரூ. 10,871. ஒரு பயிருக்கு உரம் வாங்கும் பணம் இது.

சந்தேகம் வந்தால் கடன் வாங்கிய நாள் முதலான கணக்கு நகலையும், கடன் ஒப்பந்த நகலையும் எழுத்து மூலம் கேளுங்கள். ஆடிட்டரிடம் போகும்போது வாய்ச்சொல்லோடு திரும்பாதீர்கள். எந்தத் தேதியில் எவ்வளவு கூடுதல் என்று கணக்குத்தாள் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் இட்டுத் தரச் சொல்லுங்கள். அவருக்குக் கொடுத்த கூலிக்கு உங்கள் பெயரில் ரசீது வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். ரசீது இல்லாத செலவை யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

வங்கிக்கு எழுதும் முதல் மனுவிலேயே, கூடுதல் வட்டி இவ்வளவு, கணக்குப் பார்த்த செலவு இவ்வளவு என்று தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். வங்கி குறைந்த தொகை தர முன்வந்து, "முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளை நீட்டினால் அவசரப்பட்டுக் கையெழுத்திடாதீர்கள். போட்டுவிட்டால் பிறகு செலவைக் கேட்பது கடினம். "மீதிக்கு உரிமை விடாமல், ஆட்சேபணையுடன் பெறுகிறேன்" என்று எழுதித் தருவதாகச் சொல்லுங்கள். அதை ஏற்க மறுத்தால், பணத்தை வாங்காமல் மேலே போவதா என்று யோசித்து முடிவு செய்யலாம்.

வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலும், தந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கட்டணம் கிடையாது. வக்கீல் மூலம் மனு செய்ய அங்கே அனுமதி இல்லை. ஆகவே அதற்கென்று வக்கீல் கூலி கொடுப்பது வீண். 2021ல் தொடங்கிய திட்டத்தில், மனுதாரரின் நேரம், செலவு, அலைச்சல், மனவேதனை ஆகியவற்றுக்காக ஒரு லட்சம் ரூபாய் வரை தர இடம் வைத்தார்கள். இந்த வரம்பு அவ்வப்போது மாறக்கூடியது. மனு செய்யும் நாளில் கிளையில் ஒட்டியுள்ள அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது நலம்.

மற்றொரு வழி மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடவேண்டும். சேவைக்காக நீங்கள் செலுத்தியது ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. நஷ்டஈட்டோடு வழக்குச் செலவையும் தர ஆணையம் உத்தரவிடலாம். ஆனால் கொடுத்த கூலி முழுவதும் வரும் என்று எண்ணவேண்டாம். வக்கீலுக்கு நீங்கள் 20,000 ரூபாய் கொடுத்திருக்க, ஆணையம் 5,000 ரூபாய் என்று மொத்தமாக நிர்ணயிக்கலாம். 10,871 ரூபாய்க்காக 20,000 செலவழிப்பது, விளைச்சலைவிட மருந்துச் செலவு அதிகமான கதைதான். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், வருமானம் குறைந்தோர் ஆகியோருக்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் அமர்த்தித் தருகிறது.

ஒரே குறையை இரண்டு இடத்திலும் ஒரே சமயத்தில் போடக் கூடாது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய கடனுக்குக் குறைதீர்ப்பாளரிடம் போக முடியாது. அதற்குக் கூட்டுறவுத் துணைப்பதிவாளரிடம் மனுச் செய்யவேண்டும்.