தளர்ந்த வயிறும் தையலின் வகைகளும்

மார்பெலும்பின் நுனியிலிருந்து இடுப்பெலும்பின் முன்புறம் வரை, தொப்புளுக்கு இருபுறமும் செங்குத்தாக இறங்கும் இரண்டு நீண்ட தசைகளை நடுவிலே பிணைத்து நிற்கிற வெண்ணிற நார்ப்பட்டை, கர்ப்ப காலத்தில் சிசு வளர வளர அகன்று இடம் கொடுக்கிறது. பிரசவத்துக்குப் பின் பல ஸ்திரீகளுக்கு அது சில மாதங்களில் தானே குறுகிவிட, வேறு பலருக்கோ பழைய நிலைக்குத் திரும்பாமலே நின்றுவிடுகிறது. அவர்கள் பத்தியமாக உண்டு உடல் மெலிந்த பிறகும் வயிறு முன்தள்ளியே இருக்குமானால், அதைச் சோம்பலின் அடையாளம் என்று சுற்றத்தார் பேசுவது பெரும் அநியாயம். அது நாரின் தளர்ச்சியேயன்றி ஒழுக்கத்தின் தளர்ச்சியன்று.

இரு தசைகளுக்கும் இடையே ஏறத்தாழ 2 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் அதனை விலகல் என்று வைத்தியர்கள் கருதுகிறார்கள். வயிற்றின் ஆழ்ந்த தசைகளை வலுப்படுத்தும் தேகப்பயிற்சியை இயன்முறை மருத்துவரிடம் கற்று, பொறுமையோடு செய்து பார்ப்பதே முதற்படி. அதிலும் குணம் காணாமல், மேற்தோலும் தொங்கி நிற்கிறவர்களுக்கே ‘டம்மி டக்’ என்று வழங்கும் சத்திர சிகிச்சை பொருத்தமாகிறது.

1899-இல் பால்டிமோர் நகரத்தில் ஹோவர்டு கெல்லி என்ற வைத்தியர் செய்த இவ்வகை ஆரம்பகாலச் சிகிச்சை, மிகுந்த தோலையும் கொழுப்பையும் அகற்றுவதாகவே இருந்தது. தோலை மட்டும் குறைத்தால் உள்ளிருக்கும் தளர்ச்சி அப்படியே நிற்குமாதலால், பின்வந்தவர்கள் உட்சுவரையும் இறுக்கத் தலைப்பட்டார்கள். ரியோ டி ஜெனீரோ நகரத்துச் சத்திர வைத்தியர் இவோ பிட்டாங்கி, 1967-இல் தம்முடைய 300 நோயாளிகளின் அனுபவத்தைப் பிரசுரித்து, அம்முறை பரவுவதற்குப் பெரிதும் காரணமானார்.

இறுக்குவது என்றால் தசையையே பிடித்துத் தைப்பதன்று. தையற்காரர் துணியை மடித்துத் தைத்து அகலத்தைக் குறைப்பது போல, தசைகளைப் போர்த்தியிருக்கும் உறுதியான உறையை நடுவிலே மடித்து, இரு தசைகளும் அருகருகே வரும்படி தைப்பதாகும். மார்பெலும்பின் கீழ் முனையிலிருந்து அடிவயிறு வரை நேர்கோட்டில் ஓரடுக்காகவோ ஈரடுக்காகவோ, கரையாத நூலாலோ மெதுவாகக் கரையும் நூலாலோ தைப்பதே பெருவழக்கு. தளர்ச்சி தொப்புளுக்குக் கீழே மட்டுமே இருப்பவர்க்குச் சிறிய வெட்டோடு அப்பகுதியை மாத்திரம் தைத்தால் போதும். நடுக்கோட்டைத் தைத்த பின்னும் இடுப்பின் பக்கங்கள் தளர்ந்திருந்தால், அங்கே சாய்வான தையல் சேர்ப்பதும், பக்கத்துச் சாய்தசைகளின் உறையை விடுவித்து நடுப்பக்கம் இழுத்துத் தைப்பதும் உண்டு. குடலிறக்கம் கூடியிருப்பவர்க்கு வலை வைத்துச் சுவரை வலுப்படுத்த நேரலாம். தோல் மிகாமல் தசை மட்டும் விலகியவர்க்கு, சிறு துளைகளின் வழியே உள்நோக்கிக் கருவியால் தைக்கும் வழியும் இன்று இருக்கிறது.

இத்தனை வகைகளில் எது நல்லது என்று பொதுவாகச் சொல்ல இயலாது; தளர்ச்சி எங்கே இருக்கிறதோ, அதற்கேற்ற தையலே நல்லது. அளவுக்கு மீறி இறுக்கினால் வயிற்றினுள் அழுத்தம் மிகுந்து சுவாசம் சிரமப்படும். கால் இரத்தக்குழாய்களில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குச் செல்லும் அபாயமும் கூடும். ஆகையால் சிகிச்சை செய்துகொண்டவரைச் சீக்கிரமே எழுப்பி நடக்கச் செய்கிறார்கள். சுமார் ஆறு வாரம் கனத்த பொருள்களைத் தூக்க விடுவதில்லை. குடலைச் சுற்றிக் கொழுப்பு நிறைந்தவர்க்கு எந்தத் தையலும் தட்டையான வயிற்றைத் தராது. அவர்கள் முதலில் எடையைக் குறைக்க வேண்டும். மறுபடி கர்ப்பம் தரிக்க விரும்புகிறவர்கள் காத்திருப்பது உத்தமம். புகைப்பவர்கள் சில வாரம் முன்னதாகவே அதை விட்டுவிட வேண்டும், இல்லையேல் புண் ஆறுவது தடைப்படும்.

தம் சரீரத்தைத் திருத்திக்கொள்ள விரும்புவது அவரவர் உரிமை. ஆயினும் மேசையில் படுக்குமுன், எவ்விடத்தில், எவ்வளவு நீளத்துக்கு, எந்த நூலால் தைக்கப் போகிறார்கள், அதற்குக் காரணம் என்ன என்று வைத்தியரைக் கேட்டறிவது அந்த உரிமையோடு சேர்ந்த கடமை. அக்கேள்விகளுக்குத் தெளிவாக விடை சொல்கிற வைத்தியரிடமே உடலை ஒப்படைப்பது விவேகம்.