ஆடிக்காற்று பட்டால் கெட்டுப்போகும் மாத்திரை!

கோவைக்காரர்களுக்குக் காற்றைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனி, ஆடி பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று பிய்த்துக்கொண்டு வரும். உடம்புக்குச் சுகமான இந்தக் காற்று, ஒரு ரக மாத்திரைக்கு மட்டும் பரம எதிரி!

அது எந்த மாத்திரை?

தண்ணீரில் போட்டதும் "சொர்ர்" என்று நுரைத்துக் கரையுமே, அதுதான். சளி கரைய டாக்டர் எழுதிக்கொடுப்பது, வைட்டமின் "சி" மாத்திரை, நெஞ்சு எரிச்சலுக்குக் குடிப்பது என்று இதில் பல உண்டு.

வாயு எங்கே இருக்கிறது?

கோலி சோடாவில் வாயுவை அழுத்தி அடைக்கிறார்கள். மாத்திரைக்குள் வாயுவே கிடையாது. உள்ளே இருப்பது ஆப்ப சோடாவும் சிட்ரிக் அமிலமும்தான். எடையில் 4 பங்குக்கு 3 பங்கு என்பது கணக்கு. உலர்ந்து இருக்கும்வரை இரண்டும் பங்காளிகள் மாதிரி பேசாமல் இருக்கும். தண்ணீர் பட்டால் போதும், சண்டை ஆரம்பம்! 1 கிராம் ஆப்ப சோடாவில் இருந்து ஏறக்குறைய 300 மில்லி கரியமில வாயு கிளம்பும். ஒரு டம்ளர் கொள்ளாது!

இதில் ஒரு வில்லங்கம். இந்தச் சண்டையில் தண்ணீரும் உண்டாகிறது. அந்தத் தண்ணீர் பக்கத்தில் உள்ள தூளை நனைக்கும். அது இன்னும் கொஞ்சம் தண்ணீரை உண்டாக்கும். தீ பரவுவதுபோலப் பரவி, துளி ஈரத்தில் டப்பாவே பாழாகிவிடும்.

மில்லுக்கு நேர்மாறு

1888-ல் ஸ்டேன்ஸ் மில் தொடங்கியது முதல் கோவை கற்ற பாடம் ஒன்று உண்டு. காற்று காய்ந்தால் நூல் அறும். அதனால் மில்லுக்குள் ஈரப்பதம் கூட்ட எந்திரம் ஓடும்.

நுரை மாத்திரை செய்யும் இடத்தில் எல்லாம் தலைகீழ். ஈரத்தை உறிஞ்சும் எந்திரம் இரவு பகலாக ஓடும். காற்றில் ஈரப்பதம் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. வெப்பம் 25 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் வெளியே ஈரப்பதம் 80, 90 என்று நிற்கும்போது இதைச் சாதிக்க ஆகும் கரண்டு செலவை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்!

சாதாரண மாத்திரைக்குத் தூளைத் தண்ணீரும் பசையும் விட்டுப் பிசைந்து, குருணையாக்கி, உலர்த்தி அச்சில் அழுத்துவார்கள். இங்கே தண்ணீரைக் காட்டவே முடியாது. ஆல்கஹால் விட்டுப் பிசைவார்கள். அல்லது உலர்ந்த தூளையே கெட்டியாக அழுத்தி, உடைத்துக் குருணையாக்குவார்கள். சில இடங்களில் ஆப்ப சோடாவை லேசாகச் சூடு காட்டுவதும் உண்டு. மேல்பூச்சாக அது சலவை சோடாவாக மாறி, வருகிற ஈரத்தைத் தான் வாங்கிக்கொண்டு காவல் காக்கும்!

மாத்திரை அச்சில் ஒட்டாமல் இருக்க மெக்னீசியம் ஸ்டியரேட் சேர்ப்பது வழக்கம். அது தண்ணீரில் கரையாது. டம்ளரில் ஏடு மாதிரி மிதக்கும். யார் குடிப்பார்கள்? எனவே கரையக்கூடிய சோடியம் பென்சோயேட் போன்றதைச் சேர்க்கிறார்கள்.

முடிவில் ரூபாய் நாணயம் அளவில் மாத்திரை தயார். 200 மில்லி தண்ணீரில் போட்டால் 5 நிமிடத்துக்குள் கரைந்துவிட வேண்டும். இதுதான் பரீட்சை.

பத்திரிகை ஆபீசில் பிறந்தது!

பெயர்பெற்ற நுரை மாத்திரையான "ஆல்கா செல்ட்சர்" பிறந்த கதை சுவையானது. 1928-ல் அமெரிக்காவில் எல்க்கார்ட் என்ற ஊரில் ஒரே ஃபுளூ காய்ச்சல். அங்கே ஒரு பத்திரிகை ஆபீசில் மட்டும் ஆட்கள் லீவு போடாமல் வேலை பார்த்தார்களாம். ஆசிரியர் அவர்களுக்கு ஆஸ்பிரினும் சமையல் சோடாவும் கொடுத்து வந்தார். இதைக் கேள்விப்பட்ட மைல்ஸ் மருந்துக் கம்பெனித் தலைவர், இரண்டையும் ஒரே மாத்திரையாக்கச் சொன்னார். 1931-ல் அது விற்பனைக்கு வந்தது. பத்திரிகைக்காரர்களும் ஏதோ உபயோகப்பட்டிருக்கிறோம்!

"சும்மா கெடக்குதுங்க!"

கம்பெனி இவ்வளவு பாடுபட்டு அனுப்பியதை நாம் என்ன செய்கிறோம்? மருந்துக்கடையில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது:-

"ஏனுங்க, போன வாரம் வாங்குன மாத்திரை தண்ணியில போட்டா சும்மா கெடக்குதுங்க!"

"மூடியத் தொறந்து வெச்சிருந்தீங்களா?"

"அடுப்படி அலமாரியிலதானுங்க வெச்சேன்."

சோற்றுப்பானை ஆவி போதாதா? டப்பா மூடியில் கிலுகிலு என்று ஆடுவது மருந்து அல்ல. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல். அதை எடுத்து வீசக்கூடாது. காகித உறையில் வந்தால் குடிக்கும் நேரத்தில்தான் கிழிக்க வேண்டும். மாத்திரை உப்பியிருந்தால் குப்பையில் போடுங்கள். நாக்கில் வைத்து விழுங்கவே கூடாது. தொண்டையில் நுரைத்து மூச்சை அடைக்கும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

நுரை போகும், உப்பு போகாது

வாயு பறந்த பிறகு டம்ளரில் சோடியம் தங்கிவிடுகிறது. 1 கிராம் ஆப்ப சோடாவில் சோடியம் மட்டும் 270 மில்லிகிராம். நாள் முழுவதற்கும் 2 கிராம் சோடியத்துக்குள் இருக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நுரைக்கும் பாரசிட்டமாலை நாளைக்கு 8 போட்டால் அதிலேயே 3 கிராமைத் தாண்டும்!

பிரிட்டனில் சுமார் 13 லட்சம் நோயாளிகளின் விவரத்தை வைத்து ஆராய்ந்து, 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். சோடியம் உள்ள கரையும் மாத்திரைகளை எடுத்தவர்களுக்கு ரத்தக்கொதிப்பும் பக்கவாதமும் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது தெரியவந்தது.

இரண்டு நாள் சளிக்குக் குடிப்பவர்கள் பயப்பட வேண்டாம். மாதக்கணக்கில் குடிப்பவர்களும், ஊறுகாயை நிறுத்தச் சொல்லி டாக்டர் சொன்னவர்களும் சீட்டு எழுதும்போதே, "எனக்குப் பிரஷர் இருக்குதுங்க, சாதா மாத்திரையா எழுதிக் கொடுங்க" என்று கேட்டுவிடலாம்.