சுடும் குழலைச் சுடாமல் பிடிப்பது எப்படி?

நீள்துப்பாக்கியைத் தூக்கிக் குறிபார்க்கும் வீரரின் ஒரு கை விசையருகே இருக்கும். முன்பக்க எடையைத் தாங்குவது மற்றொரு கை. அது பிடித்திருப்பது குழலை அல்ல, குழலைச் சுற்றியுள்ள ஓர் உறையை. ஹேண்ட்கார்டு எனப்படும் இந்த உறையைக் ‘கைக்காப்பு’ என்று சொல்லலாம். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் பிளாஸ்டிக் ஓடுதான். அதை வசதியாகப் பிடிக்கும்படி செய்வதற்குப் பொறியாளர்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் எதிரி வெப்பம். அமெரிக்கப் படையின் எம்16 துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். யூஜின் ஸ்டோனர் 1950களில் ஆர்மலைட் நிறுவனத்தில் உருவாக்கிய வடிவமைப்பிலிருந்து பிறந்தது அது. அதன் ஒரு தோட்டாவில் இருக்கும் மருந்து இரண்டு கிராமுக்கும் குறைவு. அது எரிந்து தரும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் குண்டைத் தள்ளுகிறது. மீதியில் பெரும்பகுதி சூடான வாயுவோடு வெளியேற, கணிசமான பங்கு குழலின் எஃகில் இறங்கிவிடுகிறது. தானியங்கி முறையில் நிமிடத்துக்கு 700 குண்டுகளுக்கு மேல் பாயும் வேகம் அதற்கு உண்டு. 30 தோட்டா மேகசின் மூன்று வினாடிக்குள் தீர்ந்துவிடும்! சில மேகசின்களை அடுத்தடுத்துச் சுட்டால் குழலின் சூடு தண்ணீரின் கொதிநிலையை எளிதாகத் தாண்டும்.

நம் தோல் தாங்குவது எவ்வளவு? வெற்று உலோகம் 65 முதல் 70 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருந்தால், ஒரு வினாடி தொட்டாலே புண்ணாகும். பிளாஸ்டிக் என்றால் அந்த எல்லை 85 டிகிரிக்கு மேலே போகிறது. இந்த வேறுபாடு வியப்பானது. உலோகத்தில் நாம் தொட்ட இடத்துக்கு உள்ளிருந்து வெப்பம் ஓடிவந்துகொண்டே இருக்கும். பிளாஸ்டிக்கிலோ மேற்பரப்பின் சூடு கைக்குப் போனதும் அடுத்த சூடு வந்து சேரத் தாமதமாகிறது. அந்தச் சிறு தாமதம்தான் விரலைக் காக்கிறது.

பிளாஸ்டிக் மட்டும் போதாது. எம்16-இன் கைக்காப்பைக் கழற்றினால் உட்புறம் பளபளப்பான அலுமினியத் தகடு இருக்கும். வெப்பத்தை வேகமாகக் கடத்துவதில் பெயர்பெற்ற உலோகம் இங்கே வெப்பத்துக்கு எதிராகக் காவல் நிற்கிறது. பிளாஸ்க்கின் உள்ளே வெள்ளிப்பூச்சு செய்கிற வேலைதான் இது: குழலிலிருந்து கதிராக வரும் வெப்பத்தைத் திருப்பி அனுப்புகிறது. இடையிலுள்ள காற்று கூடுதல் தடை. எம்4 எனும் குட்டைத் துப்பாக்கியில் இந்தத் தகடு இரண்டு அடுக்காகவே வருகிறது. கைக்காப்பின் மேலும் கீழும் வரிசையாகத் துளைகள் உண்டு. சூடான காற்று மேல்துளைகள் வழியே எழுந்து போக, கீழ்த்துளைகள் குளிர்ந்த காற்றை உறிஞ்சுகின்றன. விசிறி இல்லை, மின்சாரம் இல்லை!

அடுத்தது கையின் வடிவம். பொருளை உள்ளங்கையில் அழுத்தி, விரல்களைச் சுற்றிவளைத்துப் பிடிப்பதை ‘வலுப்பிடி’ என்றும், விரல் நுனிகளுக்கிடையே பிடிப்பதை ‘நுண்பிடி’ என்றும் கையசைவுகளை ஆராய்ந்த ஜான் நேப்பியர் 1956இல் பிரித்துக் காட்டினார். துப்பாக்கியின் முன்பக்கத்துக்குத் தேவை வலுப்பிடி. அதற்கு விரல்கள் போதிய அளவு சுற்றிவர வேண்டும். பருமன் கூடினால் சிறிய கைக்காரர்கள் திணறுவார்கள். விரல்களை மடக்கும் முக்கியத் தசைகள் இருப்பது முன்கையில். மணிக்கட்டு ஒரு பக்கமாக வளைந்தால் அவற்றின் இழுவை குறையும், பிடியும் தளரும்.

முதல் எம்16-களின் கைக்காப்பு முக்கோண வெட்டு கொண்டது. இடப்பாதி வேறு, வலப்பாதி வேறு. ஒன்று உடைந்தால் சரியான பக்கத்தைத் தேடவேண்டும். மரைன் படை 1983இல் ஏற்ற எம்16ஏ2-வில் அது உருண்டையானது. மேற்பாதியும் கீழ்ப்பாதியும் அச்சு அசலாக ஒன்றே, எதை எங்கே வேண்டுமானாலும் பொருத்தலாம். பிடிக்கு எளிதான வடிவமே கிடங்குக்காரரின் தலைவலியையும் தீர்த்துவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இது. சுற்றிலும் ஓடிய வரிமேடுகளும் அழகுக்காக இல்லை. தோலில் லேசான ஈரம் இருந்தால் பிடிமானம் கூடும், வியர்வை வழிந்தால் வழுக்கும். மேடுகளுக்கு இடையிலுள்ள பள்ளங்கள் அந்த வியர்வைக்கு வழிவிடுகின்றன.

இதிலும் ஒரு குறை ஒளிந்திருந்தது. இந்தக் கைக்காப்பின் முன்முனை குழலோடு இணைந்த பகுதியில்தான் அமர்கிறது. கை அழுத்தினால் அந்த விசை குழலையும் மிக மிக லேசாக நகர்த்தும். கோணத்தில் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு விலகினாலே, 100 மீட்டர் தொலைவில் குண்டு ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் தள்ளி விழும். ஆகவே குழலைத் தொடாமல் பின்முனையில் மட்டும் பற்றிநிற்கும் ‘மிதக்கும் கைக்காப்பு’ வந்தது. எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் அந்த அழுத்தம் குழலைச் சேராது.

இவ்வளவு பாடுபட்டுப் பெற்ற வசதியை 1990களில் வேறொன்று பறித்தது. விளக்கு, குறிகாட்டி போன்றவற்றை மாட்ட வசதியாக, நியூ ஜெர்சியிலுள்ள பிக்காட்டினி ஆயுதச்சாலையின் பெயர் கொண்ட தண்டவாளம் 1995இல் அமெரிக்கப் படைத்தரமாயிற்று. சுமார் 10 மில்லிமீட்டர் இடைவெளியில் பள்ளங்கள், ஒவ்வொன்றுக்கும் கூரான விளிம்புகள். நான்கு பக்கமும் தண்டவாளம் பதித்த கைக்காப்பைப் பிடித்தால், உள்ளங்கையின் அழுத்தம் முழுவதும் அந்த மெல்லிய விளிம்புகளிலேயே குவியும். பருமனும் கூடியது. வீரர்கள் ரப்பர் மூடிகளை மாட்டிச் சமாளித்தார்கள்.

2010களின் நடுவில் மேக்புல் நிறுவனம் கொண்டுவந்த எம்-லாக் முறை எளிமையானது. கைக்காப்பு வழவழப்பான மெல்லிய குழாய், அதில் நீள்துளைகள் மட்டும். எங்கே தேவையோ அங்கே மட்டும் சிறு தண்டவாளத் துண்டை மாட்டலாம், மற்ற இடமெல்லாம் கைக்கே. ஆனால் இத்தகைய குழாய்கள் பெரும்பாலும் அலுமினியம். 85 டிகிரி வரை பொறுமையாக இருந்த பிளாஸ்டிக் போனதால், நிறையச் சுடுபவர்கள் இப்போது கையுறை மாட்டிக்கொள்கிறார்கள்.