யானைக்கு ஈ உட்கார்ந்தால் தெரியுமா?

பிள்ளைகளே, யானை முதுகில் ஓர் ஈ உட்காரட்டும். உடனே வாலை வீசும், காதை ஆட்டும், மண்ணை அள்ளி மேலே இறைத்துக்கொள்ளும். அப்படியும் போகாவிட்டால் மரக்கிளையால் விசிறி விரட்டும். கர்நாடகத்தின் நாகரஹொளெ காட்டில் வளர்ப்பு யானைகளுக்கு மிக நீளமான கிளைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். பல யானைகள் கிளையை வசதிக்கேற்ப ஒடித்துச் சிறிதாக்கி ஈ ஓட்டின. அந்த ஆய்வு 2001-ல் வெளியானது.

யானையின் முதுகுத் தோல் 2.5 செ.மீ. வரை தடித்திருக்கும். அப்புறம் எப்படி ஈ தெரிகிறது? தடிமனில் பெரும்பங்கு அடித்தோல்தான். தொடுவதை அறியும் நரம்பு நுனிகள் பல, மேற்பரப்பை ஒட்டியே இருக்கின்றன. உடம்பில் ஆங்காங்கே முடியும் உண்டு. ஒவ்வொரு முடியின் வேரையும் நரம்புகள் சுற்றியிருக்கும். நீளக் குச்சி ஒன்றை நீங்கள் பிடித்திருக்கும்போது யாராவது அதன் நுனியைத் தொட்டால் உங்கள் விரலுக்குத் தெரிகிறதல்லவா? முடி நுனி அசைந்தால் யானைக்கும் அப்படித்தான் தெரிகிறது.

எல்லா இடத்திலும் தோல் தடிமனாகவும் இல்லை. நான் யானைகளுக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவர். ரத்தம் எடுக்க நான் தேடிப்போவது காதின் பின்பக்கத்தை. அங்கே தோல் மெல்லியது, ரத்தக்குழாய் புடைத்துத் தெரியும். ஊசி போடும் முன் அந்த இடத்தை உள்ளங்கையால் தடவிக்கொடுப்பேன், திடுக்கிடாமல் நிற்கும். கழுத்தில் உட்கார்ந்திருக்கும் பாகரும் காதுக்குப் பின்னால் கால்விரலால் அழுத்தியே, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சொல்லிவிடுவார்.

தொடுவதில் கெட்டிக்காரர் தும்பிக்கைதான். நம் நாட்டு யானைக்கு அதன் நுனியில் விரல் போல ஒரு முனை உண்டு. ஆப்பிரிக்க யானைக்கு இரண்டு. நுனியைச் சுற்றி உணர்வு முடிகளும் இருக்கின்றன. ஒற்றை நிலக்கடலையைக்கூடத் தடவிப் பார்த்து எடுத்துவிடும். யானையின் கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பைவிட, தும்பிக்கையின் தொடுவுணர்வைக் கொண்டுபோகும் நரம்பு பருமனானது. இன்னொரு யானை பயந்து நின்றால், பக்கத்தில் போய்த் தும்பிக்கையால் அதன் முகத்தைத் தொட்டும், வாய்க்குள் நுனியை வைத்தும் தேற்றும்.

இவ்வளவு உணரும் உடம்புக்கு வலியும் தெரியும். அங்குசம் குத்திய புண்ணுக்கு மருந்து போடும்போது யானை உடம்பைச் சுருக்கிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். கால்விரல் பட்டாலே புரிந்துகொள்ளும் உயிரை இரும்பால் குத்த வேண்டியதே இல்லை. யானை வளர்ப்பவர்களிடம் இதைத்தான் சொல்லிவருகிறேன். நீங்களும் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.