‘எக்ஸ்கவேஷன்’: சொல்லும் பொருளும்

மண்ணுள் மறைந்து கிடப்பவற்றை வெளிக்கொணர்தலைக் குறிப்பதற்கு ஆங்கில மொழியிலே சொற்கள் பல உள. அவற்றுள் ‘எக்ஸ்கவேஷன்’ என்பது ஒன்று. தமிழில் இதனை ‘அகழ்வு’ என்றும், தொல்பொருளியலார் வழக்கிலே ‘அகழ்வாராய்ச்சி’, ‘அகழாய்வு’ என்றும் வழங்குவர். இச்சொல்லைக் கேட்டவுடன் புதையல் எடுத்தலை நினைப்பவர் பலர். அப்பொருள் பொருந்தாது என்பதைச் சொல்லின் பிறப்பே காட்டும்.

இலத்தீன் மொழியில் ‘எக்ஸ்’ என்பது ‘வெளியே’ எனவும், ‘காவுஸ்’ என்பது ‘உட்குடைவானது’ எனவும் பொருள்படும். இவற்றின் சேர்க்கையாற் பிறந்த வினை, உள்ளிருப்பதை வெளியேற்றிக் குடைவாக்குதலைக் குறித்தது. குகையைக் குறிக்கும் ‘கேவ்’ என்னும் ஆங்கிலச் சொல்லும், பற்குழியைக் குறிக்கும் ‘கவிற்றி’ என்பதும் இவ்வேரினின்று முளைத்தவையே. ஆதலின், அத்திவாரம் வெட்டுதற்கும் இச்சொல்லே ஆளப்படும். மண்வாரும் பெரும்பொறி ‘எக்ஸ்கவேற்றர்’ எனப்படும். சொத்தைப் பல்லைச் சுரண்டுதற்குப் பல்வைத்தியர் கையாளும் சிறு கருவிக்கும் அதுவே பெயர்.

இதனோடு ஒருபுடை ஒத்த சொற்கள் இரண்டு. ‘அன்எர்த்’ என்பது மண்ணிலிருந்து ஒரு பொருளை வெளிப்படுத்தல். மறைந்த செய்தியைக் கண்டுபிடித்தற்கும் இது வழங்கும். ‘எக்ஸ்யூம்’ என்பது புதைத்த உடலை மீளத் தோண்டியெடுத்தல். மண் எனப் பொருள்படும் ‘ஹூமுஸ்’ என்னும் இலத்தீன் சொல் இதன் அடி. இவ்விரு வினைகளும் வெளிவந்த பொருளையே செயப்படுபொருளாகக் கொள்வன. ‘எக்ஸ்கவேற்’ என்னும் வினையோ பெரும்பாலும் இடத்தையே செயப்படுபொருளாகக் கொள்ளும். மேட்டை அகழ்ந்தனர், நகரை அகழ்ந்தனர் என்பதே பெருவழக்கு. ‘கிழங்கைக் கிண்டினான்’ என்பதற்கும் ‘பாத்தியைக் கிண்டினான்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நோக்கின் இது தெளிவாகும். முன்னதில் நாட்டம் பொருள்மேலது, பின்னதில் நிலத்தின்மேலது.

இலக்கணத்தில் தோன்றும் இவ்வேறுபாடே அறிவியலில் உயிர்நிலையாகின்றது. துருக்கி நாட்டிலே ஹிசார்லிக் என்னும் மேட்டில் திரோய் நகரைத் தேடிய ஹைன்றிக் சிலீமன், மேட்டின் நடுவே பெரியதோர் அகழியை வெட்டுவித்தார். 1873ஆம் ஆண்டில் பொற்குவியல் ஒன்றைக் கண்டு, அதனைப் பிரியாம் மன்னனின் செல்வம் என அறிவித்தார். அம்மேட்டில் ஒன்பது காலத்துக் குடியிருப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருந்தமை பின்னர்த் தெளிவாயிற்று. பொன் கிடந்த படை, திரோய்ப் போர் நிகழ்ந்ததாகக் கருதப்படும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் முற்பட்டது. அவர் தேடிய காலத்துக்குரிய மேற்படைகளின் ஒரு பகுதியை அவருடைய அகழியே அழித்துவிட்டது. பொருள் கிடைத்தது, இடம் போயிற்று.

இதற்கு மாறான முறையை மோட்டிமர் வீலர் 1945ஆம் ஆண்டிற் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டிற் கையாண்டார். மண்படைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அகழ்ந்தபோது, காலம் முன்னரே அறியப்பட்ட இத்தாலிய மட்கலத் துண்டுகள் உள்ளூர் மட்கலங்களோடு ஒரே படையிற் கிடந்தன. அதனால் அதுகாறும் காலம் அறியப்படாதிருந்த தென்னிந்திய மட்கலங்களுக்கும் கால வரையறை கிடைத்தது. உடைந்த ஓடு பொன்னினும் பயன்பட்டது அது கிடந்த இடத்தினாலேயாம்.

யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் 1980ஆம் ஆண்டில் வெளிப்பட்ட முத்திரையும் அத்தகையது. அதில் மேல்வரியிற் குறியீடுகளும் கீழ்வரியிற் பிராமி எழுத்துகளும் உள்ளன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அதனை ஈமப் புதைகுழி ஒன்றிற் கண்டமையால், பெருங்கற்காலப் பண்பாட்டு மக்களோடு அதனைத் தொடர்புபடுத்த முடிந்தது. அது வயலில் தனியே கிடந்து எவர் கையிலேனும் அகப்பட்டிருப்பின், அழகிய பழம்பொருள் என்னும் அளவில் நின்றிருக்கும்.

பழங்காலத்துக்கு மட்டும் உரியதன்று இம்முறை. செம்மணியில் 1999ஆம் ஆண்டில் 15 பேரின் உடல்கள் தோண்டியெடுக்கப்பட்டன. 2025ஆம் ஆண்டில் அங்குள்ள சித்துப்பாத்தி மயானத்தில் நீதிமன்ற மேற்பார்வையில் நடந்த அகழ்வில் 200க்கு மேற்பட்ட மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. ஈண்டு ‘எக்ஸ்யூம்’, ‘எக்ஸ்கவேற்’ என்னும் இரு சொற்களும் ஒன்றுபடுகின்றன. எலும்பை எடுத்தல் மட்டும் போதாது. எந்த ஆழத்தில், எந்நிலையில், எதனோடு கிடந்தது என்பதைப் பதிதல் வேண்டும். சிறுபிள்ளை ஒன்றின் எலும்புகளருகே காணப்பட்ட பாடசாலைப் பையும் விளையாட்டுப் பொருளும், கிடந்த இடத்தாலேயே சான்றாகின்றன. அவ்விடத்தினின்று பிரித்தெடுத்துப் பதியாது விட்டால், அவை வெறும் பையும் பொம்மையுமே.

ஓரிடத்தை ஒருமுறையே அகழலாம். குடைந்தபின் அங்கே எஞ்சுவது, சொல்லின் வேர் கூறுமாறு, வெறுங் குழியே. குழிக்கு முன்னிருந்த நிலம் அளவையிலும் வரைபடத்திலும் குறிப்பேட்டிலுமே தொடர்ந்து நிலைபெறும். ஆதலின் தமிழில் ‘அகழ்வு’ என்பதனோடு ‘ஆராய்ச்சி’ என்னும் சொல்லைச் சேர்த்தமை மிகவும் பொருத்தமுடையது. ஆராய்ச்சி நீங்கிய அகழ்வு, எத்துணைப் பொன்னைத் தரினும், இழப்பேயாகும்.