கறுப்பை வென்றது மஞ்சள், மஞ்சளை வென்றது சிவப்பு

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவர்களுடைய நாடகக் குழு, ஆண்டு விழாவுக்கு மூன்று போஸ்டர் வரைந்து, நூறு பேர் உள்ள வாட்ஸ்அப் குழுவில் ஓட்டுக்கு விட்டதாம். கறுப்புக்கு 40, மஞ்சளுக்கு 35, சிவப்புக்கு 25. பாதிப் பேர்கூட கேட்காததையா அச்சடிப்பது என்று சண்டை வரவே, இரண்டிரண்டாக மோதவிட்டார்கள். மஞ்சள் கறுப்பை 60க்கு 40 என்று வீழ்த்தியது. சிவப்பு மஞ்சளை 65க்கு 35 என்று வீழ்த்தியது. அச்சகத்துக்குக் கிளம்பும்போது ஒருவர், “சிவப்பும் கறுப்பும் மோதவே இல்லையே” என்று இழுத்தார். மோதவிட்டால், கறுப்பு 75, சிவப்பு 25! செயலாளர் கள்ள ஓட்டுப் போட்டாரா என்பது வாசகரின் கேள்வி.

பாவம், செயலாளரை விட்டுவிடுங்கள். அந்த நூறு பேரில் ஒருவர்கூட மனம் மாறாமலே இத்தனையும் நடக்கும். கறுப்பு கேட்ட 40 பேருக்கும் மஞ்சளைக் கண்டால் கல்யாணப் பத்திரிகை ஞாபகம் வருகிறது, அதற்குச் சிவப்பே தேவலை என்று வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் கேட்ட 35 பேருக்குச் சிவப்பு கட்சி போஸ்டர் மாதிரி இருக்கிறது, கறுப்பாவது பரவாயில்லை. சிவப்பு கேட்ட 25 பேருக்கோ கறுப்பு இருட்டில் தெரியாது, மஞ்சளாவது தெரியும். இனி நீங்களே கூட்டிப் பாருங்கள். மூன்று கணக்கும் அப்படியே வரும்.

கறுப்பைவிட மஞ்சள், மஞ்சளைவிடச் சிவப்பு, சிவப்பைவிடக் கறுப்பு என்று தனி மனிதர் ஒருவர் சொன்னால் வைத்தியரிடம் அழைத்துப் போவோம். ஒவ்வொருவரும் தெளிவாக இருந்தும் கூட்டம் மட்டும் சுற்றிச் சுற்றி வருகிறதே, அதுதான் எனக்குப் பிடித்த இடம்.

வீட்டு டிபனில் இது இன்னும் தெளிவு. அம்மாவுக்கு முதலில் இட்லி, பிறகு தோசை, கடைசியில் பொங்கல். அப்பாவுக்குத் தோசை, பொங்கல், இட்லி. மகளுக்குப் பொங்கல், இட்லி, தோசை. இட்லியா தோசையா என்றால் அம்மாவும் மகளும் சேர்ந்து இட்லி. தோசையா பொங்கலா என்றால் அம்மாவும் அப்பாவும் சேர்ந்து தோசை. பொங்கலா இட்லியா என்றால் அப்பாவும் மகளும் சேர்ந்து பொங்கல். மகள் கெட்டிக்காரி என்றால் ஓட்டுக்காகக் கெஞ்ச மாட்டாள். “முதலில் இட்லியா தோசையா என்று முடிவு பண்ணுங்கள்” என்று மட்டும் சொல்வாள். இட்லி ஜெயிக்கும். அப்புறம் சாவகாசமாகப் பொங்கலைக் களத்தில் இறக்குவாள். யாரைக் கடைசியில் இறக்குகிறோமோ அவருக்கே வெற்றி. மூன்றாம் நாள் மாவு புளித்துப்போனால் மூவரும் தோசைக்கு வந்துவிடுவார்கள், சுழலும் அறுந்துவிடும். (ஊத்தப்பத்தைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று ஒரு சாயங்காலம் முழுக்கக் கணக்குப் போட்டேன். வீட்டில் அன்று உப்புமா.)

புளித்த மாவு விளையாட்டுக்குச் சொன்னதல்ல. எல்லோரும் ஒரே அளவுகோலைப் பிடித்துக்கொண்டால் சுழல் வராது. தூரத்திலிருந்து தெரிகிறதா என்பதை மட்டும் நூறு பேரும் பார்த்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. ஒருவர் அழகையும் ஒருவர் அரசியலையும் ஒருவர் வெளிச்சத்தையும் பார்த்ததால் வந்த வினை.

வரலாறு இல்லாமல் கட்டுரை முடியாது என்பார்கள், ஆகவே சுருக்கமாக. பிரான்சின் கணித அறிஞர் கோந்தோர்சே 1785இல் இந்தச் சுழலை எழுதிவைத்தார். புரட்சிக் காலத்தில், 1794இல், சிறையில் இறந்தார். அமெரிக்கப் பொருளியலாளர் கென்னத் ஆரோ 1951இல் இன்னும் ஒருபடி மேலே போனார். தேர்வுகள் மூன்றோ அதற்கு மேலோ இருந்தால், நியாயமான சில நிபந்தனைகள் அத்தனையையும் நிறைவேற்றும் வரிசைப்படுத்தும் முறை எதுவுமே இருக்க முடியாது என்று நிரூபித்தார். 1972இல் நோபல்.

இது அபூர்வமா? மூன்று பேர் மூன்று பொருள்களைக் கண்ணை மூடிக்கொண்டு வரிசைப்படுத்தினால் 216 வகையில் அமையும். அதில் 12 சுழல், அதாவது 18க்கு 1. பெருங்கூட்டம் என்றால் 9 சதவீதத்தை நெருங்கும். பத்து வடிவங்களை வைத்தால் கிட்டத்தட்ட பாதி நேரம், மற்ற எல்லாவற்றையும் நேருக்கு நேர் வெல்லும் வடிவம் என்று ஒன்றே இருக்காது. மனிதர்கள் கண்ணை மூடிக்கொண்டு தேர்வதில்லை என்பதால் நிஜத்தில் இவ்வளவு வராது. ஆனாலும் “ரசிகர்களே தேர்ந்தெடுத்த போஸ்டர்” என்ற விளம்பரத்தைப் பார்த்தால் நான் முதலில் கேட்பது, எந்த வரிசையில் கேட்டீர்கள் என்பதைத்தான். ரசனையைக் கணித்துத் தருவதாகச் செயற்கை நுண்ணறிவை விற்க வருபவர்களிடமும் இதே கேள்விதான். ரசனை என்ற ஒன்றே கூட்டத்துக்கு இல்லாதபோது எதைக் கணிக்கிறார்கள்?

வாசகருக்கு என் யோசனை: வாட்ஸ்அப் ஓட்டெடுப்பில் ஒருவர் பல விடைகளைத் தேர்ந்தெடுக்க அனுமதிக்கும் வசதி இருக்கிறது. அதை அணைக்காமல், “எதெல்லாம் பரவாயில்லை?” என்று கேளுங்கள். சுழல் அப்போதும் உள்ளே இருக்கும். ஆனால் அதிகம் பேர் சகித்துக்கொள்வது எது என்று தெரிந்துவிடும். சுவரில் ஒட்டும் காகிதத்துக்கு அது போதும். குழுவில் இருக்கும் நூறு பேரும் போஸ்டர் இல்லாமலே நாடகத்துக்கு வரப்போகிறவர்கள், ஆகவே பேருந்து நிலையத்தில் நிற்கும் நாலு பேரிடமும் காட்டுங்கள். தேதியையும் மண்டபத்தின் பெயரையும் பெரிய எழுத்தில் போடுங்கள். அதற்கு ஓட்டெடுப்பு வேண்டாம்.