'பார்லாரே'வும் 'பறை'யும் சொந்தமா?

இத்தாலிய மொழியில் 'பேசுதல்' என்பதற்கு 'பார்லாரே' என்று சொல்வார்கள். கேட்டதும் சிலருக்குப் பொறி தட்டும்: "அட, நம்ம 'பறை'! பறைதல்னா சொல்லுதல்தானே? மலையாளத்துல இன்னைக்கும் 'பறயுக'தானே? அப்போ இத்தாலிக்காரங்க நம்மகிட்ட இருந்துதான் எடுத்திருக்காங்க!"

கொஞ்சம் பொறுங்க நண்பர்களே. ஃபார்வர்ட் பண்றதுக்கு முன்னாடி, அந்தச் சொல் வந்த வழியிலேயே திரும்பி நடந்து பார்த்துடலாம்.

இத்தாலியத்தின் தாய் இலத்தீன். செவ்வியல் இலத்தீனில் பேசுவதைக் குறித்த வினை 'லோக்வி'. மக்கள் பேச்சில் அது மறைய, பிற்கால இலத்தீனில் 'பரபோலாரே' வந்தது. இது 'பரபோலா' என்ற பெயர்ச்சொல்லில் பிறந்த வினை. பரபோலா என்றால் உவமை. இலத்தீன் விவிலியத்தில் இயேசு சொல்லும் உவமைக் கதைகளுக்கு இதுதான் பெயர். பொருள் மெல்ல விரிந்து 'பேச்சு', 'சொல்' என்றானது. நடு ஒலிகள் தேய்ந்து, 'பரபோலா' இத்தாலியத்தில் 'பரோலா' (சொல்) ஆனது. 'பரபோலாரே' 'பார்லாரே' ஆனது.

இலத்தீனுக்கும் இது கடன் சொல்தான். கொடுத்தது கிரேக்கம். அங்கே 'பாரா' என்றால் பக்கத்தில். 'பால்லெய்ன்' என்றால் எறிதல். ஒன்றின் பக்கத்தில் இன்னொன்றைப் போட்டு ஒப்பிடுவதுதானே உவமை?

பாரபோலான்னதும் கணக்கு வகுப்பு ஞாபகம் வருதா? அதே சொல்தான்! கி.மு. 200 வாக்கில் வாழ்ந்த பெர்கா ஊர் அப்பொலோனியஸ், கோட்டின் மேல் பொருத்தும் பரப்பு சரியாக அமையும் வளைவை பாரபோலா என்றார். மிஞ்சினால் ஹைபர்போலா, குறைந்தால் எலிப்ஸ். நாம தினமும் சொல்ற 'சிம்பல்', 'பிராப்ளம்', 'பாலிஸ்டிக்' எல்லாத்துலயும் இருக்கிறது இந்த 'எறிதல்'தான்.

இப்போ 'பறை'க்கு வருவோம். 'பார்லாரே'யில் வரும் 'பார்' வெறும் முன்னொட்டு. எறிதல் என்ற வேரில் மிச்சமிருப்பது ஒரு 'ல்' மட்டும். பழைய வடிவத்தை நோக்கிப் போகப் போக 'பறை'யோடு இருந்த ஒற்றுமை கரைஞ்சு போகுது. உண்மையான உறவா இருந்தா, பின்னோக்கிப் போகப் போக நெருங்கணும். கிரேக்கமும் இலத்தீனும் இந்தோ-ஐரோப்பியக் குடும்பம். தமிழ் திராவிடக் குடும்பம். இங்கே நடந்தது தற்செயல்.

இத்தாலியத்தில் தமிழே இல்லையா? இருக்கே! அங்கே இரட்டை உடல் படகுக்குப் பெயர் 'கத்தமரானோ'. நம்ம கட்டுமரம், ஆங்கிலம் வழியாகப் போய்ச் சேர்ந்தது. போன வழி ஒவ்வொரு படியாகத் தெரிகிறது. பெருமைப்பட இதுபோல ஆதாரமுள்ள சொற்கள் இருக்கும்போது, ஓசையை மட்டும் நம்பி உறவு கொண்டாடுவானேன்?